மனுப் பார்த்தல்

எங்கள் பக்கம் 'மனுப் பார்க்கப் போறேன்' என்றால் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஜெயிலில் கிடக்கிற புருஷனையோ பிள்ளையையோ மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வருவது. எனக்குப் பத்து வயசிருக்கும். ஊர்க்காரர்களுக்கும் எங்கள் சேரிக்கும் நடந்த சண்டையில் அடிபட்டதும் நாங்கள்தான், ஜெயிலுக்குப் போனதும் நாங்கள்தான். அப்பாவோடு சேர்த்துப் பதினோரு பேர். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் அம்மா ஜாமீனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு செவலை" என்று கத்துவாள். அப்பா சிரிப்பார். இவ்வளவு தூரம் வந்து ஆட்டுக்குட்டிக் கதை பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த வழக்கு ஆறு வருஷம் வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைசியில் விடுதலை ஆனது. ஆட்டுக்குட்டியின் அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

புரியவைத்தவர் ஒரு பெரியம்மா. எங்கள் சேரிக்குக் கிழக்கே அகதி முகாமில் இருக்கிறார். 2021-ல் அரசாங்கம் அதற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஜனங்கள் வாயில் இன்னும் முகாம்தான். முகாமுக்கு இடம் பார்த்தபோதும் ஊருக்குள் பார்க்கவில்லை, எங்களுக்குப் பக்கத்தில்தான் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெரியம்மாவின் தாத்தா இந்தத் தமிழ்நாட்டுச் சேரி ஒன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் பெரியம்மா குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. 1990-ல் படகேறி ராமேஸ்வரம். பிறகு மண்டபம், பிறகு இந்த முகாம். தாத்தா கிளம்பின மண்ணுக்குப் பேத்தி அகதியாக வந்து சேர்ந்தார்.

மகன் 1992-ல் இங்கேயே பிறந்தான். ஆனாலும் இந்தியன் கிடையாது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போனான். மாசாமாசம் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும். 2013 ஆரம்பத்தில் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துப் படகேறி ஆஸ்திரேலியா போனான்.

2012 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு அங்கே தனி விசாரணை முறை வைத்தார்கள். பெயர் 'ஃபாஸ்ட் டிராக்', துரித விசாரணை. தம்பியின் மனுவை அதிகாரி தள்ளுபடி செய்ததே 2017-ல்தான். துரிதத்தின் லட்சணம் அது. மறுஆய்வு செய்த அமைப்பும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, காகிதத்தைப் பார்த்தே தள்ளியது. அந்த அமைப்பை 2024 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அது தள்ளின ஆட்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். இலங்கைக்குத் திரும்பினால் உனக்கு ஆபத்தில்லை என்பது முடிவு. தம்பி இலங்கையை ஒருநாள்கூடப் பார்த்தது கிடையாது.

அதற்கு மேல் கோர்ட்டு. கோர்ட்டும் சட்டப்பிழை நடந்ததா என்றுதான் பார்க்கும், இவன் சொல்வது உண்மையா என்று பார்க்காது. அதுவரை தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. பெரியம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை. ஆக, மகனும் தாயும் பார்த்துக்கொள்கிற இடம் என் செல்போன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முகாமுக்குப் போவேன். அவனுக்கு அப்போது ராத்திரி எட்டரை, அங்கே கோடை என்றால் ஒன்பதரை. 2019-ல் அவன் அப்பா செத்தபோது எடுப்பு முடிகிறவரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

2023 பிப்ரவரியில் அங்கத்திய அரசாங்கம், தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு மனுப்போடலாம் என்றது. தள்ளுபடி ஆனவர்களுக்கு அது கிடையாது. தம்பியோடு ஒரே படகில் போன பையனுக்குக் கிடைத்தது. "சந்தோசமாத்தான் இருக்கு அக்கா. ஆனா அவன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றான்.

அந்த வருஷமே கோர்ட்டும் தள்ளிவிட்டது. தீர்ப்பை எனக்கு அனுப்பினான். தமிழ் எம்.ஏ. படித்தவள் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வாசித்தேன். "அம்மாட்ட சொல்லாதீங்க அக்கா. மேல போட்டிருக்கேன்" என்றான். சொல்லவில்லை. இரண்டு மாசம் "தேதி தள்ளிப் போயிருக்கு பெரியம்மா" என்று பொய் சொன்னேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு.

ஒரு ஞாயிறு பெரியம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ பொய் சொல்றப்ப கீழ பாக்குற பிள்ளை. அவனும் இப்பக் கீழதான் பாக்குறான். என்னைய விட்டுட்டு நீங்க ரெண்டு பேருமே அழுதா நான் எங்க போயி அழுவுறது?" என்றார். 1977-ஐயும் 1990-ஐயும் தாண்டி வந்த மனுஷிக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். படித்த திமிர். அன்றைக்குத் தீர்ப்பைத் தமிழில் சொன்னேன். அழுதார். தேத்தண்ணி போட்டார். பிறகு மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பேச முடிந்தது.

2024 ஆகஸ்டில் மெல்பேர்னில் 23 வயது ஈழத் தமிழ்ப் பையன் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சிறுவனாகப் படகில் போய்ச் சேர்ந்து, அதே துரித விசாரணையில் தள்ளப்பட்டவர். அந்தச் செய்தி வந்ததிலிருந்து தம்பி போனை எடுக்கவில்லை. அங்கே இருக்கிற தமிழர் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்றால், அவன் அவர்களோடு பழக்கத்தை விட்டிருந்தான். முன்பே சொல்லியிருக்கிறான்: "எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கேப்பாங்க. தோட்டத்து ஆளுன்னு சொன்னா அதோட பேச்சு நின்னுரும் அக்கா." கடல் தாண்டியும் சாதி நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. காத்துக் கிடக்கிறவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வாய் அவன் சாதியை விசாரித்தால் அவன் எங்கே போவான்?

கூட அறையில் இருந்தவர் ஈரான்காரர். அவரும் தள்ளுபடி ஆனவர். அவர் நம்பர் என்னிடம் இருந்தது. அவருக்கும் எனக்கும் தெரிந்த இங்கிலீசு ஒரே அளவு. அவர் வேலைக்குப் போகாமல் இவன் பக்கத்திலேயே இருந்தார், சோறாக்கிப் போட்டார், ராத்திரியில் கூட நடந்தார். பெரியம்மா தினமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பச் சொன்னார். கேஸ் பற்றி எதுவும் இல்லை. 'தைரியமாய் இரு' என்றுகூட இல்லை. "கோழி அடைக்கு உக்காந்திருக்கு. பன்னெண்டு முட்டை" என்று ஒருநாள். "ஒரு முட்டைய நாய் தூக்கிருச்சு" என்று மறுநாள். எட்டாம் நாள் பதில் வந்தது: "எத்தனை குஞ்சு பொரிச்சிச்சு?"

ஜெயில் வலைக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா செவலைக் குட்டியைப் பற்றிக் கத்தியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காத்திருக்கிறவனை எல்லோரும் கேஸாகவே பார்க்கிறார்கள். வீடு அவனை இன்னும் வீட்டு ஆளாக வைத்திருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

தோழர்களே, ஈழத்துக்காக நாம் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். பக்கத்து முகாமுக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்கே ஒரு இங்கிலீசுக் கடிதத்தை வாசிக்கக் கூப்பிட்டபோதுதான் அந்த வாசல் தெரிந்தது. வாய்தா என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வன்கொடுமை வழக்குகளில் வருஷக்கணக்காகக் கோர்ட்டு வராந்தாவில் நின்றவர்கள் நாம். போனால் 'கேஸ் என்னாச்சு' என்று கேட்காதீர்கள். செய்தி இருந்தால் அவர்களே சொல்வார்கள். கெட்ட செய்தியைக் குடும்பத்திடம் மறைக்காதீர்கள். வாக்குறுதி கொடுக்காதீர்கள். வருகிறேன் என்று சொன்ன நாளில் போய்விடுங்கள்.

தம்பியின் மேல்முறையீடு பெடரல் கோர்ட்டில் கிடக்கிறது. இந்த ஞாயிறும் நாலு மணிக்குப் போக வேண்டும். போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. போன வாரம் பாதியில் அணைந்துவிட்டது.