சினங்கொண்ட பேடு

விழா மலரிலே கல்லூரியின் வளர்ச்சியையும் பெரியோர் ஆற்றிய தொண்டினையும் எடுத்துரைப்பார் பலர் உளர். யானோ எங்கள் வீட்டுப் பேட்டுக்கோழி யொன்றைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். ஆசிரியத் தொழிலுக்கு வேண்டிய பாடமொன்று அதனிடத்தே கிடைத்தமையின், இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று.

என் இளைய மகள் கையில் வைத்துத் தீன் கொடுத்து வளர்த்த செந்நிறப் பேடு அது. பெயர் சொல்லி அழைத்தால் வேலிக்கரையிலிருந்து ஓடிவரும். அத்தகைய கோழி, திடீரெனக் கூட்டருகே சென்றோரைக் கொத்தத் தொடங்கிற்று. மகளின் புறங்கையிற் குருதியைக் கண்ட என் அன்னையார், “கொத்திப் பழகின கோழி திருந்தாது தம்பி, கறியாக்கிறதுதான் நல்லது” என்றார். மகளோ காயத்தை மறைத்துக்கொண்டு, “அப்பா, அது வேணுமெண்டு கொத்தேல்லை” என்று அழுதாள். யான் அன்னையாரிடம் ஒரு கிழமை தவணை கேட்டேன்.

அந்நாள்களில் அதன் போக்கினைக் கவனித்தேன். பகல் முழுவதும் கூட்டிலேயே கிடக்கும். ஒருமுறை மட்டும் வெளியே வந்து விரைவில் தீன் தின்று, மண்ணிற் புரண்டு, மீண்டும் கூட்டை நாடும். அண்மையிற் சென்றால் இறகைச் சிலிர்த்து உறுமும். ஐயமில்லை, அஃது அடைக்கோழி. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியிலிருந்து புரோலக்ரின் என்னும் ஓமோன் மிகுதலால் இந்நிலை உண்டாகின்றது. முட்டை இல்லாதவிடத்தும் பேடு வெறுங்கூட்டைக் காத்துக் கிடக்கும்.

காரணம் தெரிந்தபின் வழியும் தெரிந்தது. மேலிருந்து நீட்டுங் கை கோழிக்குப் பருந்தின் நிழலையொக்கும். ஆதலாற் பக்கவாட்டிலே, பதற்றமின்றி அணுகினோம். அது தீனுக்கு இறங்கிய வேளையிலேயே கூட்டைத் துப்புரவு செய்தோம். தடியோ அதட்டலோ அச்சத்தை வளர்க்குமேயன்றிச் சினத்தைத் தணியாது. குஞ்சு வேண்டாதவர், அடிப்பக்கம் கம்பிவலை பொருந்திய காற்றோட்டமான கூட்டிலே தீனும் நீரும் வைத்துச் சில நாள் விட்டால் அடை தெளியும். யாம் அயல்வீட்டில் 9 முட்டைகள் வாங்கி, இரவிலே அதன் கீழ் வைத்தோம். 21ஆம் நாள் 7 குஞ்சுகள் வெளிவந்தன. அதன்பின் காகத்தையும் நாயையும் எதிர்த்துப் பாய்ந்தது; பிள்ளைகளை எட்ட நிற்கச் செய்தோம். குஞ்சுகள் தாமே மேயத் தொடங்கிய பின்னர், பேடு பழையபடி மகளின் கையிலே தீன் தின்றது.

கோழியின் சினமெல்லாம் ஒருவகைத்தன்று. கோழிகளிடையே கொத்தும் முறையில் மேல் கீழென்னும் வரிசை உண்டென்பதைச் சிறுவயது முதலே அவற்றைக் கவனித்துவந்த நோர்வே நாட்டு அறிஞர் செல்டெரப் எப்பே 1922ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். புதுக்கோழி வந்தால் அவ்வரிசை குலைந்து போர் மூளும். சில நாள் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்குதலும், இரண்டு மூன்று பாத்திரங்களிலே தீன் இடுதலும் அதற்கு மருந்து. செள் பிடித்த கோழியும் நோவுற்ற கோழியும் தொட்டாற் கொத்தும். அவற்றுக்குப் பரிகாரம் வேறு.

குறுந்தொகையின் 139ஆம் செய்யுளிலே, மாலைப்பொழுதில் வேலிப்புறத்து வெருகுகளைக் கண்டு குஞ்சுகளை அழைத்துக் கதறும் மனைக்கோழியை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகின்றார். அச்செய்யுளைப் பல்லாண்டாகப் படிப்பித்து வருகின்றேன். இப்போது அப்பேட்டின் குரல் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்கின்றது.

அவ்வாண்டில் என் வகுப்பிலே, புத்தகப்பையைத் தொட்ட தோழனை அடித்துவிட்டான் ஒரு மாணவன். அவனைத் தண்டிக்க வேண்டுமென்றனர் சிலர். பாடம் முடிந்தபின் தனியே இருத்தி வினாவினேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், பையைத் திறந்து காட்டினான். காலஞ்சென்ற தந்தையாரின் கைக்கடிகாரம் துணியிற் சுற்றியபடி அங்கே இருந்தது. அடிபட்ட தோழனிடம் மன்னிப்புக் கேட்கச் செய்தேன். கடிகாரத்தை அவன் தாயாரிடம் பத்திரமாகச் சேர்ப்பித்தேன். இவ்விரண்டும் வேண்டியனவே. முன்னதை மட்டும் செய்திருப்பின், அவன் மறுநாளும் பையை அணைத்தபடியே வகுப்பில் இருந்திருப்பான்.