வெம்ப்ளிக்குப் போகணுமா? ஆல்வ்சர்ச்ல இறங்குங்க!

எம்.எஸ். படிக்க இங்கிலாந்து கிளம்புற ஃப்ரெண்ட்ஸ், குறிப்பா பர்மிங்காம் அட்மிஷன் கிடைச்சவங்க கொஞ்சம் இப்படி வாங்க. ஓல்டு டிராஃபோர்டு, ஆன்ஃபீல்டுன்னு பெரிய பெரிய ஸ்டேடியமா லிஸ்ட் போட்டு வெச்சிருப்பீங்க. டிக்கெட் விலையைப் பார்த்ததும் அந்த லிஸ்ட் தானா கிழிஞ்சிடும். கவலை வேண்டாம். உங்க பாக்கெட்டுக்கு ஏத்த ஃபுட்பால் அங்கே வேற இருக்கு, அதுவும் அதே எஃப்.ஏ. கோப்பையில!

1871-ல 15 கிளப்கள் சேர்ந்து ஆரம்பிச்ச போட்டி இது. இப்போ வருஷத்துக்கு 700-க்கும் மேல கிளப்கள் கலந்துக்குது. தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அவ்வளவுதான் ரூல். மான்செஸ்டர் யுனைடெட் மாதிரி பெரிய தலைங்க ஜனவரியில, மூணாவது ரவுண்டுலதான் உள்ளே நுழையும். ஆறு மேட்ச் ஜெயிச்சா கப் கையில! ஆனா ஆகஸ்ட் தொடக்கத்துல 'எக்ஸ்ட்ரா ப்ரிலிமினரி ரவுண்டு'ல கிளம்புற குட்டி டீம் பதினாலு ரவுண்டு தாண்டணும். முதல் ஆறும் தகுதிச் சுற்று மாதிரிதான். டி.வி. கேமராக்கள் அந்தப் பக்கம் அதிகம் திரும்பாது.

நீங்க செப்டம்பர் கடைசியில போய் இறங்கும்போது, மூணாவது தகுதிச் சுற்று நேரம். குலுக்கல்ல ஹோம் மேட்ச் விழுந்திருக்கான்னு பார்த்துக்கங்க. சனிக்கிழமை மதியம் பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்ல ரெட்டிச் போற ரயில் பிடிங்க. உங்க யுனிவர்சிட்டி ஸ்டேஷனும் அதே லைன்தான். ரெட்டிச்சுக்கு முந்தின ஸ்டேஷன் ஆல்வ்சர்ச். பக்கத்துலயே கால்வாய், அதுல வரிசையா நீள நீளப் படகுகள். வூஸ்டர்ஷயர் கிராமம். அங்கிருந்து லை மெடோ மைதானத்துக்கு நடந்தே போயிடலாம்.

பேருக்கேத்த மாதிரி கிட்டத்தட்ட புல்வெளிதான். கம்பித் தடுப்புல சாய்ஞ்சு நின்னா, த்ரோ போட வர்ற பிளேயரோட மூச்சு வாங்குற சத்தம் கேட்கும். இந்த மாதிரி மைதானங்கள்ல ஹாஃப் டைம் ஆனா கூட்டம் மொத்தமா எழுந்து, தன் டீம் கோல் அடிக்கப் போற பக்கத்துக்கு நடக்கும். நீங்களும் கையில டீ கப்போட பின்னாடியே போங்க. யாராவது ஒரு பெரியவர் "எந்த ஊரு தம்பி?"ங்கற அர்த்தத்துல ஏதோ கேட்பார். அந்த ஊர் உச்சரிப்பு முதல் தடவை புரியாது, சும்மா சிரிச்சு வைங்க.

அந்தப் பெரியவர்கிட்ட மறக்காம 1971-னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. மனுஷன் உங்களை விடவே மாட்டார்!

அந்த வருஷம் நவம்பர்ல நாலாவது தகுதிச் சுற்று. ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டியும் மோதினாங்க. ரெண்டு பக்கமும் அமெச்சூர் டீம். முதல் மேட்ச் 2-2. அப்போ பெனால்ட்டி ஷூட்-அவுட் கிடையாது, முடிவு வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி ஆடணும். ரெண்டாவது 1-1. மூணாவதும் 1-1. நாலாவது 0-0. அஞ்சாவது? அதுவும் 0-0! எக்ஸ்ட்ரா டைம் ஆடியும் இந்த லட்சணம். ஆறாவது மேட்சுக்கு ஆஸ்டன் வில்லாவோட வில்லா பார்க்குக்கே கூட்டிட்டுப் போனாங்க. பாபி ஹோப் தலையால முட்டின ஒரே கோல்... 1-0, ஆல்வ்சர்ச் ஜெயிச்சது. மொத்தம் 11 மணி நேரம்! எஃப்.ஏ. கோப்பையோட நீளமான மோதல் இதுதான்.

அப்புறம் என்னாச்சுங்கறீங்களா? அடுத்து முதல் ரவுண்டுல ஆல்டர்ஷாட்கிட்ட 4-2ன்னு தோத்துட்டாங்க. பாவம், காலே இருந்திருக்காது!

இந்த ரெக்கார்டை இனி யாரும் உடைக்க முடியாது. 1991-92 சீசன்ல இருந்து மெயின் ரவுண்டுகள்ல ஒரே ஒரு ரீப்ளேன்னு ஆக்கினாங்க. 2024-25ல முதல் ரவுண்டுல இருந்தே அதையும் தூக்கிட்டாங்க. பெரிய கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகள் அதிகம், நேரமில்லையாம். எனக்கு இதுல கோபம்தான். 2005 ஜனவரியில கடன்ல மூழ்கிக் கிடந்த எக்ஸிட்டர் சிட்டி, ஓல்டு டிராஃபோர்டுலயே மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0ன்னு மறிச்சது. அதனால சொந்த ஊர்ல இன்னொரு மேட்ச். அதுல 2-0ன்னு தோத்தாங்க. ஆனா ரெண்டு மேட்ச்லயும் வந்த காசு கிளப்பைக் காப்பாத்துச்சு. இந்தக் கோப்பையில வசூலை ரெண்டு டீமும் பங்கு போட்டுக்கும்ல? குட்டி கிளப்புக்கு ரீப்ளேன்னா லாட்டரி பாஸ். அதைத்தான் பிடுங்கிட்டாங்க. சும்மா ஒப்பிட்டுப் பாருங்க... 2022-23ல முதல் படியில ஜெயிச்ச டீமுக்குப் பரிசே 1,125 பவுண்டுதான்!

சரி, இவ்வளவு கீழே இருந்து யாராவது உச்சிக்குப் போயிருக்காங்களா? ஜேமி வார்டி போயிருக்கார். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ்னு ஷெஃபீல்டு பக்கத்துக் குட்டி டீம்ல அவர் ஆரம்பிச்சப்போ வாரச் சம்பளம் 30 பவுண்டு. பகல்ல ஃபேக்டரி வேலை. ஒரு அடிதடி கேஸ்ல காலில் எலெக்ட்ரானிக் டேக் மாட்டி, சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்னு கோர்ட் உத்தரவு. தூரத்து மேட்ச்சா இருந்தா பாதியிலேயே கிளம்பி ஓடணும்! அதே வார்டி 2021 மே மாசம் லெஸ்டர் சிட்டிக்காக வெம்ப்ளியில ஃபைனல் ஆடினார். ப்ரிலிமினரி ரவுண்டுல தொடங்கி ஃபைனல் வரைக்கும் பதிமூணு ரவுண்டுலயும் ஆடின முதல் ஆள் அவர்தான். செல்சியை 1-0ன்னு ஜெயிச்சு கப்பையும் தூக்கினாங்க.

ஆல்வ்சர்ச்சுக்கு வருவோம். 1992-ல அந்த கிளப்பை இழுத்து மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஊர்க்காரங்க வேற பேர்ல திரும்ப ஆரம்பிச்சு, அப்புறம் பழைய பேரையே வாங்கிக்கிட்டாங்க. 2022 நவம்பர்ல, ஏழாவது டிவிஷன் டீமான இவங்க தகுதிச் சுற்றுகளைத் தாண்டி முதல் ரவுண்டுக்கு வந்தாங்க. எதிரணி மூணாவது டிவிஷன் செல்ட்டன்ஹாம், அதுவும் அவங்க மைதானத்துலயே. ரிசல்ட்? ஆல்வ்சர்ச் 2, செல்ட்டன்ஹாம் 1! அடுத்த ரவுண்டுல ஃபாரஸ்ட் க்ரீன்கிட்ட தோத்தாங்க, அது வேற கதை.

மேட்ச் அஞ்சு மணி வாக்குல முடியும். திரும்பி வர்ற ரயில் டைமை முன்னாடியே பார்த்து வெச்சுக்கங்க. குடை மறக்காதீங்க, மழை கண்டிப்பா வரும். அந்தப் பெரியவர் 1971-ஐ இன்னும் சொல்லி முடிச்சிருக்க மாட்டார்... மூணாவது மேட்ச்லயே நின்னிருப்பார்!