குர்குருக்குப் பின்னால் கேட்பது

கால்நடை டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் யாராவது பூனைக் கூடையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். அண்மையில் வந்த இளைஞர், தன் பூனையின் குர்குர் ஒலியைக் கைபேசியில் பதிவு செய்து, இரவில் காதருகே வைத்துக்கொண்டு தூங்குகிறாராம். எலும்புக்கு நல்லதாம், ரத்த அழுத்தமும் இறங்குமாம். "பூனையே டாக்டர் சார், உங்களுக்கெல்லாம் இனி வேலை கம்மிதான்" என்றார். பூனை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அவர் படித்தது முழுக்கக் கதையல்ல. 2001இல் அமெரிக்காவின் எலிசபெத் ஃபான் முகன்தாலர் பூனைக் குடும்பத்தின் குர்குரை அளந்து, 25 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை அதிர்வு இருப்பதைக் காட்டினார். அது எலும்பு ஆறத் துணைசெய்யலாம் என்று ஊகித்தார். அதே ஆண்டு கிளின்டன் ரூபின் குழு வேறொரு சோதனையை நேச்சர் இதழில் வெளியிட்டது. செம்மறியாடுகளை 30 ஹெர்ட்ஸில் அதிரும் பலகைமேல் தினம் 20 நிமிடம் நிறுத்தினார்கள். ஓராண்டில் தொடை எலும்பின் உட்பகுதி அடர்த்தி சுமார் 34 சதவீதம் கூடியது. பலகை ஆட்டின் குளம்புக்கு அடியில் இருந்தது. பூனையோ மடியில் படுத்திருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டது வதந்தி. 2009இல் வெளியான மினசோட்டா ஆய்விலும், பூனை வளர்த்தவர்களிடம் மாரடைப்புச் சாவு குறைவு என்றுதான் கண்டார்கள். குர்குரை யாரும் அளக்கவில்லை. பூனையைத் தடவினால் மனசு அடங்கும். அதற்கு மேல் நான் சான்றிதழ் தர மாட்டேன்.

எங்களுக்கு அந்தச் சத்தம் ஒரு தொல்லை. மூச்சை இழுக்கும்போதும் வரும், விடும்போதும் வரும். நடுவில் சந்து கிடைக்காது. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் மாவு மில்லுக்குள் நின்று ரகசியம் கேட்பது போலத்தான். மர்மர் என்கிற இதய முணுமுணுப்பும், கேலப் என்கிற குதிரை ஓட்டம் போன்ற கூடுதல் துடிப்பொலியும் அதற்குள் மூழ்கிப்போகும். வலியிலும் பூனை குர்குரிக்கும், பிரசவத்திலும் குர்குரிக்கும், சாகும்போதும் குர்குரிக்கும். இதயத் தசை தடித்த பூனை நேற்றுவரை மடியில் குர்குரித்துவிட்டு, இன்று ரத்தக்கட்டி அடைத்துப் பின்னங்கால் இரண்டும் விழுந்து வரும்.

வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் எங்கள் மெடிசின் வாத்தியார், குர்குரைத் தாண்டி இதயத்தைக் கேட்கும் இந்த ஒன்றுக்காக எங்களை நாள்கணக்கில் வறுத்தெடுத்தார். முதலில் குழாயைத் திறந்து பூனையைத் தண்ணீர்ச் சத்தத்தின் பக்கம் திருப்பு. நிற்கவில்லையா, மூக்கில் லேசாக ஊது. ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே காட்டுவது கடைசி வழி. பூனை மிரண்டால் துடிப்பு எகிறும், எகிறினால் கேலப் இருந்தும் பிரித்துக் கேட்க முடியாது. காது மார்பில் இருக்கும்போதே இரண்டு விரல் தொடையிடுக்கு நாடியில் இருக்க வேண்டும். துடிப்பு காதில் விழுந்து விரலுக்கு வராவிட்டால் விவகாரம் அங்கே இருக்கிறது. "பூனை உனக்காக நிறுத்தாதுடா, நீதான் காத்திருக்கணும்" என்பார். தடையில்லாமல் கால் நிமிடம் கேட்காதவனை மேசையை விட்டு நகர விடமாட்டார். வாசலில் வரிசை நின்றாலும் அவருக்குக் கவலையில்லை.

இப்போது இளம் டாக்டர்களின் கேஸ் ஷீட்டைப் பார்க்கிறேன். "இதயம்: குர்குர், கேட்க இயலவில்லை." அதற்கடியில் கையெழுத்து. கேட்டால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கட்டும், நல்ல கருவிதான். வருகிற பூனைக்கெல்லாமா எக்கோ எடுக்கப்போகிறார்கள்? எதற்கு எடுக்க வேண்டும் என்று காதுதானே முதலில் சொல்ல வேண்டும்? வளர்ப்பவர் குர்குரைக் கேட்டு ஏமாறுவதை மன்னிக்கலாம், அவர் அன்பில் கேட்கிறார். குழாயைத் திறக்கக்கூடச் சோம்பல்பட்டு அந்த வரியை எழுதுகிறவர் கன்சல்டிங் ஃபீஸ் வாங்கக் கூடாது என்பதே என் கட்சி.