மாத்திரையை நிறுத்தினார்!

என் மாமியாருக்கு இருதயம் தாளம் தப்பித் துடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க ‘அபிக்ஸபான்’ மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பழைய வார்ஃபரினைப்போல் அடிக்கடி ரத்தப் பரிசோதனை கிடையாது. கீரைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். அந்தச் சௌகரியம் சமைக்கிறவளுக்கல்லவா தெரியும்!

சென்ற மாதம் நிமோனியா கண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். டாக்டர் முதல் காரியமாக அந்த மாத்திரையை நிறுத்தினார். எனக்குப் பகீரென்றது. மூளையில் அடைப்பு வந்துவிட்டால்?

“சிறுநீரகம் சோர்ந்திருக்கிறதம்மா. மாத்திரை உடம்பிலேயே தங்கிவிடும். கழுத்து ரத்தக் குழாயில் ஊசி செருகவும் நேரலாம். ஹெபாரினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால், நிறுத்திய சில மணி நேரத்தில் வேகம் அடங்கும். அவசரமென்றால் முறிக்க புரோட்டமின் இருக்கிறது” என்றார்.

ஹெபாரின் 1916-ல் கண்டுபிடித்த மருந்தாம்!

ஒன்பதாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். சிறுநீரகம் தேறிய பிறகுதான் மாத்திரை திரும்பி வந்தது.