தப்பு மேல எழுதாதே



ஒரு வாரமாக முகநூலில் சாரைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை. போனில் டைப் செய்ய எனக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும்.

போன திங்கட்கிழமை ஆன்டிவைரஸ் சிவப்புக் குறி காட்டி, பாதுகாப்பு நின்றுவிட்டது என்றது. 'ஆன்' பட்டனை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்தது. சந்தா முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, விடுவேனா? அன்இன்ஸ்டால் செய்தேன். செய்த கையோடு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். பாதியில் நின்றது. இன்னொரு முறை முயன்றால், 'ஏற்கெனவே இருக்கிறது' என்றது. நான்தானே நீக்கினேன், எங்கே இருக்கிறது? மூன்று நாள் இதே கூத்து.

நாலாம் நாள் பொறுமை போய், கூகுளில் தேடிக் கிடைத்த ஒரு 'ஹெல்ப்லைன்' எண்ணுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினான். ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் எண்ணை வாசிக்கச் சொன்னான். வாசிக்கப் போனேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரம்மா, "பென்ஷன் அக்கவுண்ட்டை இதுலதானே பாக்கறீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டேன். அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் என் கம்ப்யூட்டரே அவன் கைக்குப் போயிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம்தான், என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். "பழசு முழுசாப் போகலை சார்" என்றார். ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருள் மாதிரி மேலோட்டமாக உட்காருவதில்லையாம். வைரஸ் தன்னை அழித்துவிடக்கூடாது என்று விண்டோஸுக்குள் ஆழமாக வேர் விட்டிருக்குமாம். சாதாரணமாக நீக்கினால் சில துண்டுகள் தங்கிவிடும். புதிதாக வருவது அதில் இடறி நிற்கும்.

அவர் போனிலேயே சொல்லிச் செய்ய வைத்தது இதுதான்:

1. சந்தா எண்ணை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.
2. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
3. மிச்சம் மீதியைத் துடைக்க, பல நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியை இலவசமாகத் தருகின்றன. அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டுங்கள். மறுபடி ரீஸ்டார்ட்.
4. வேறு பழைய ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் நீக்குங்கள். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று மோதும்.
5. பிறகு அதே தளத்திலிருந்து புதிதாக இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள்.

இடைப்பட்ட நேரத்தில் பயம் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற சொந்தக் காவல் உண்டு. மற்றது விலகியதும் பொதுவாக அது தானே எழுந்துகொள்ளும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிடத்தில் பச்சைக் குறி வந்துவிட்டது. வைக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே சார் சொல்வீங்க, தப்பு மேல எழுதாதே, அடிச்சுட்டு அடுத்த வரியில முதல்லேருந்து போடுன்னு" என்றார்.

இன்னொன்றும் சொல்வேன், அதை அவர் மரியாதைக்காக விட்டுவிட்டார். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதே என்பேன். மாணவரிடம் கேட்பதா என்று மூன்று நாள் வெட்கப்பட்டவன், முகம் தெரியாதவனிடம் பென்ஷனைக் கொடுக்கப் பார்த்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும்போது சலித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்