பாலைவன நகரில் ஒரு சீட்டுமேசை

சூது தீது என்பது நம் வீடுகளில் குழந்தைப் பருவத்திலேயே ஊட்டப்படும் அறிவு. தருமன் நாடிழந்த கதையையும், நளன் காடேகிய கதையையும் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அரிது. வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வாறிருக்க, பிள்ளைகளைப் பெற்ற ஒருவன் அமெரிக்க நாட்டின் சூதாட்ட நகரிலே சீட்டாட அமர்ந்த கதையைக் குடும்பத்தார் கூடிப் படிக்கும் இப்பக்கத்தில் எழுதுவது முறையோ என்று நேயர்கள் வினவலாம். முற்றும் படித்தபின் தீர்ப்பு வழங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் என் மைத்துனன் ஒரு பொறியியலாளன். அவனைக் காணச் சென்றிருந்தபோது, ஒரு நாள் அதிகாலையில் அவனுடைய காரிலே இருவரும் லாஸ் வேகாஸ் நோக்கிப் புறப்பட்டோம். தூரம் ஏறத்தாழ 270 மைல். பாதிக்கு மேற்பட்ட வழி மொஹாவிப் பாலைவனத்தினூடே செல்கிறது. பேக்கர் என்னும் சிற்றூரில் 134 அடி உயரமான வெப்பமானி ஒன்று கோபுரம்போல் நிற்கக் கண்டேன். அண்மையிலுள்ள மரணப் பள்ளத்தாக்கிலே 1913 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆந் திகதி பதிவான 134 பாகை பரனைற்று வெப்பத்தின் நினைவாக அவ்வுயரம் அமைந்ததாம்.

லாஸ் வேகாஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் புல்வெளிகள் என்பது பொருள். ஊற்று நீரால் ஒருகாலத்தில் அங்கே புல் முளைத்திருந்தது. 1905 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதையோரக் காணிகள் ஏலத்தில் விற்கப்பட, ஊர் பிறந்தது. 1931 ஆம் ஆண்டில் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதன்பின் பாலை நிலத்திலே மின்விளக்குகள் பூத்தன.

ஃபிரீமண்ட் வீதி

புதிய மாளிகைகளை விடுத்து, நகரின் பழைய நெஞ்சமாகிய ஃபிரீமண்ட் வீதிக்கே முதலிற் சென்றோம். 1995 முதல் அவ்வீதியின் மேலே 90 அடி உயரத்தில் ஒளிப் பந்தல் ஒன்று கவிந்திருக்கிறது. அதன் கீழே பெனி பினியன் என்பார் 1951 ஆம் ஆண்டில் ஹோஸ் ஷூ என்னும் பெயரில் நிறுவிய மாளிகை நிற்கிறது. போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் உலகத் தொடர்போட்டி 1970 ஆம் ஆண்டில் இங்கேதான் தொடங்கியது. 2005 ஆம் ஆண்டில் அது வேறிடம் பெயர்ந்துவிட்டது. எனினும் மாளிகையின் பெயரைக் கேட்டதும் சீட்டாட்டக்காரர் குரல் சற்றுத் தாழ்கிறது.

ஆட்டத்தின் முறை இது: ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மறைவாக. மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக. இவ்வேழிலும் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். இடையிடையே பந்தயம் கட்டலாம், பயந்தவர் விலகலாம். எனவே நல்ல சீட்டு இல்லாதவரும் எதிரியை வெருட்டி விலகச் செய்து வெல்ல முடியும். நம்மவர் முந்நூற்று நான்கு ஆடும்போது துரும்பைக் கவிழ்த்து வைத்து முகத்தையும் பூட்டிக்கொள்வாரல்லவா? அக்கலையின் முதிர்ந்த வடிவமே இது.

அம்மாளிகையில் நடந்த இரு நிகழ்ச்சிகளை மைத்துனன் சொன்னான். 2003 ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், அனுபவம் முதிர்ந்த சாம் ஃபார்ஹாவை எதிர்த்தார். ஒரு சுற்றில் சோடிகூட இல்லாத வெறுங் கையுடன், தம் முன்னிருந்த அனைத்தையும் முன்னே தள்ளினார். ஒன்பதில் ஒரு சோடி வைத்திருந்த ஃபார்ஹா நெடுநேரம் யோசித்து விலகினார். அன்று வெற்றியும் 25 இலட்சம் டொலரும் கணக்காளருக்கே கிட்டின.

மற்றையது 1982 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஜாக் ஸ்ட்ராஸ் என்பார் யாவும் இழந்து எழுந்தபோது, தம் இடத்தில் ஒரேயொரு வில்லை எஞ்சியிருக்கக் கண்டாராம். அதை வைத்து மீண்டும் அமர்ந்தவர், அவ்வாண்டின் வெற்றியாளராகவே எழுந்தார்.

"இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் அத்தான்," என்றான் மைத்துனன். "இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவர் வெருட்டுக்குப் பயந்தார். ஒரே வில்லையுடன் இருந்தவரை யாராலும் பயமுறுத்த முடியவில்லை."

கேட்டேன்; தலையசைத்தேன்; ஆனால் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் பெயரும் அதன் விலையும்

அன்று மாலை வேறொரு மாளிகையில் சிறு போட்டியொன்று நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் 60 டொலர். அதற்குமேல் ஒரு சதமும் செலவிடுவதில்லை என்று மைத்துனனிடம் உறுதிகூறி அமர்ந்தேன். அவன் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்தான்.

முதல் ஒன்றரை மணி நேரம் நல்ல சீட்டு வந்தாலன்றி நான் கையே நீட்டவில்லை. விரைவில் மேசையில் எனக்கொரு பெயர் உண்டாயிற்று: 'இந்த மனிதர் பந்தயம் கட்டினால் கையில் ஏதோ இருக்கிறது.' அப்பெயரை நான் பயன்படுத்திக்கொண்டேன். வெறுஞ் சீட்டுடன் இருமுறை துணிந்து கட்டினேன். பெருங் குவியல் வைத்திருந்தோர் இருமுறையும் விலகினர். உள்ளே கர்வம் முளைவிட்டது.

என் இடப்புறத்தில் இரண்டாவதாக ஒரு முதிய அம்மையார் இருந்தார். போட்டி வளர, கட்டாயப் பந்தயங்களும் 500, 1000 என்று உயர்ந்துவிட்டன. அவர் தம் முறைக்கு 1000 வைத்தபின் அவரிடம் எஞ்சியவை 3000 வில்லைகளே. ஏனையோர் விலக, நான் எட்டும் நான்குமாகிய பயனற்ற சீட்டுடன் 3000 கட்டினேன். என் பெயருக்கு அஞ்சி அவர் விலகுவார் என்பது என் எண்ணம். அவரோ என் முகத்தை நிமிர்ந்தும் பாராமல், இருந்த அனைத்தையும் முன்னே தள்ளினார். நடுவிலே 7500 குவிந்திருக்க, மேலும் 1000 மட்டும் ஈடுகட்ட வேண்டியிருந்தது. கணக்குப்படி விலகவும் வழியில்லை. அவரிடம் ராஜாவும் ஒன்பதும். பொதுச் சீட்டுகள் எனக்கு உதவவில்லை. நான் வெறுஞ் சீட்டுடன் ஆடியதை மேசை முழுவதும் கண்டது. ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சேர்த்த பெயர் ஒரு நொடியில் அழிந்தது. அதன்பின் என் வெருட்டுக்கு எவரும் அஞ்சவில்லை. அரை மணி நேரத்தில் வெளியேறினேன்.

வெளியே தேநீர் அருந்தும்போது, மைத்துனன் கடதாசித் துண்டொன்றில் கணக்குப் போட்டுக் காட்டினான். குறைந்த இருப்புள்ளவரை எதிர்ப்போர் அறியவேண்டியவை இவை:

முதலாவது, உங்கள் முன் ஓர் இலட்சம் இருந்தாலும், 4000 வைத்திருப்பவருடன் நீங்கள் ஆடுவது 4000 வில்லை ஆட்டமே. ஆகவே சிறு சோடிகளையும் தொடர் எண்களையும் வைத்து, பின்னர் பெரிதாக வளரும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. வளர்ந்தாலும் கிடைப்பது அவரிடமுள்ள சிறுதொகையே. ஏஸ், ராஜா போன்ற உயர்ந்த சீட்டுகளே அங்கே மதிப்புடையன.

இரண்டாவது, அவர் அனைத்தையும் தள்ளும்போது கோபமோ வீரமோ வேண்டாம், வகுத்துப் பாருங்கள். பெரிய கட்டாயப் பந்தயமான 1000 ஐ வைத்தவர் நீங்கள், சிறியது 500. ஒருவர் தம் 8000 ஐத் தள்ள, ஏனையோர் விலகினால் நடுவிலே 9500 இருக்கும். நீங்கள் ஈடுகட்டவேண்டியது 7000. மொத்தம் 16,500 இல் உங்கள் பங்கு 7000. நூற்றுக்கு 42 முறைக்குமேல் வெல்லக்கூடிய சீட்டிருந்தால் மட்டும் தொடருங்கள். அவரிடம் இருந்தது 4000 மட்டுமாயின் 8500 இல் உங்கள் பங்கு 3000. நூற்றுக்கு 36 முறை வென்றாலே போதும். அவர் இருப்புக் குறையக் குறைய, ஈடுகட்டுவது எளிதாகிறது.

மூன்றாவது, அவரை வெருட்டாதீர்கள். உங்கள் பெயர் பலிப்பது, உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பவரிடத்தும், விலகினால் இன்னொரு சுற்றுக்குக் காத்திருக்கக் கூடியவரிடத்துமே. "அந்த அம்மாவுக்குக் காத்திருக்க வசதி இல்லை, அத்தான். பயப்படுவதற்கு அவரிடம் மிச்சம் என்ன இருந்தது?"

சக்கரத்தின் முன்னே

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதனை எழுதியிரேன். வாயிலுக்குச் செல்லும் வழியிலே சுழற்சக்கரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கவென்று மனைவி ஒதுக்கித் தந்த 200 டொலர் என் சட்டைப்பையில் இருந்தது. இழந்த 60 டொலரை மட்டும் மீட்டுக்கொண்டு போய்விடலாமே என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. கை பைக்குள் சென்றுவிட்டது.

மைத்துனன் என் கையைப் பற்றவில்லை. மெல்லச் சொன்னான்: "அத்தான், அந்தச் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணுக்கு வென்றால் கொடுப்பது 35 மடங்கு. நூறு டொலர் வைத்தால் சராசரியாக ஐந்து டொலருக்குமேல் வீட்டுக்காரனுக்கே போகும். நீங்கள் எவ்வளவு நிதானமானவர் என்பது சக்கரத்துக்குத் தெரியாது. இங்கே குறைந்த இருப்புள்ளவர் நீங்கள்தான்."

சுருக்கென்றது. அம்மையாரிடம் எஞ்சியிருந்தவை விளையாட்டு வில்லைகள். என் பையில் இருந்ததோ பிள்ளைகளின் காசு. வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

மறுநாட் காலையில் அப்பணத்தில் மகளுக்கு வண்ணப் பென்சிற் பெட்டியும் மகனுக்கு ஒரு தொலைநோக்கியும் வாங்கிக்கொண்டு பாலைவனப் பாதையிலே திரும்பினோம். நல்ல பெயர் பெரிய செல்வந்தான். ஆயினும் அது செல்லுபடியாகாத இடங்கள் உலகில் உண்டு. அவ்விடத்தை அறிந்து எழுந்துவருவதே ஆட்டத்தில் நான் கற்ற பாடம். வெப்பமானிக் கோபுரத்தைக் கடக்கும்போது மைத்துனன் கேட்டான்: "அக்காவிடம் 60 டொலர் கதையைச் சொல்வீர்களா, அத்தான்?"

சொன்னேன். 200 டொலர் கதையை அவள் இன்றுதான் இப்பக்கத்தில் படிக்கப்போகிறாள்.