கயிறு தாங்க வேண்டும்

பைலட் ஏணியை வாங்குபவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர், ஏறுபவர் மூன்றாமவர். வாங்குபவர் கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறார். ஏணியில் அவர் ஒருநாளும் கால் வைக்கப்போவதில்லை. கட்டுகிற நாங்கள், டெக் ஆட்களின் தலைவரான போசனும் அவருக்குக் கீழுள்ள மாலுமிகளான ஏபிகளும், டெக்கில் நின்று மேலிருந்துதான் அதைப் பார்க்கிறோம். ஏறுகிறவரோ ஆடுகிற படகிலிருந்து, பல நேரம் இருட்டில், முன்பின் பார்த்திராத கப்பலின் கயிற்றைப் பிடிக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் பனையேறி தன் தளைநாரைத் தானே முடிந்து, தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் ஏறுவார். பைலட்டுக்கு அந்த வசதி இல்லை. ஏணியைச் சோதித்துப் பார்க்க அவருக்குக் கிடைப்பது, படகு அலையின் உச்சிக்கு வரும் ஒன்றிரண்டு நொடிகள்தான். அவர் செய்ய வேண்டிய சோதனையை அவருக்காக நாங்கள் செய்து முடித்திருக்க வேண்டும். போசனாக இருந்த காலம் முழுவதும் ஏணி வேலையை இந்த நினைப்போடுதான் செய்தேன்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தின் ஆழம், மணல்திட்டு, நீரோட்டம் எல்லாம் அறிந்த உள்ளூர் ஆள்தான் பைலட். வெளிக்கடலில் கப்பலேறி, கேப்டனின் பக்கத்தில் நின்று வழிசொல்லி உள்ளே கொண்டுவருவார். அவர் ஏறுவதற்காகக் கப்பல் நிற்காது. ஆறேழு நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே படகு வந்து ஒட்டும். சில துறைமுகங்களில் ஹெலிகாப்டர் உண்டு. மற்ற இடங்களில் எல்லாம் ஏணிதான். இயந்திரத்தால் பைலட்டைத் தூக்கி ஏற்றும் ஏற்பாடுகூட முன்பு சில கப்பல்களில் இருந்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், 23ஆம் விதி 2012 ஜூலை 1 முதல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. இவ்வளவு பெரிய இரும்புக் கப்பல்களுக்கு நுழைவாசல் இன்றும் மரப்படி வைத்த ஒரு நூலேணிதான்.

புது ஏணி கப்பலுக்கு வந்தால் முதலில் சான்றிதழைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், ஏணியில் பொருத்திய தகட்டில் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று நானும் பார்ப்பேன். ஆனால் என் நேரம் அதிகம் போவது கயிற்றில். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கயிறு, 18 மில்லிமீட்டருக்குக் குறையாத பருமன், உறை எதுவும் போர்த்தாமல், மேற்படிக்குக் கீழே எங்கும் ஒட்டுப்போடாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். மணிலாக் கயிறாக இருந்தால் இரண்டு கைகளாலும் எதிரெதிராகத் திருகிப் புரியை விரித்து உள்ளே பார்க்கலாம். நல்ல கயிற்றின் உள்புரி வெளிப்புரியைவிடப் பளிச்சென்று இருக்கும். உள்ளே சாம்பல் நிறத்தில் தூள் உதிர்ந்தால், புழுங்கிய வாடை அடித்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கயிறு போய்விட்டது என்று அர்த்தம். உறை போர்த்தக் கூடாது என்ற விதியின் அருமை அப்போதுதான் தெரியும். மூடிய கயிற்றை யார் திறந்து பார்ப்பது?

படி, முடிச்சுக் கண் இல்லாத ஒரே துண்டுக் கடின மரம். படிக்கும் படிக்கும் இடைவெளி 310 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 350ஐத் தாண்டக் கூடாது. இந்தச் சீரான இடைவெளி ஏன் என்றால், ஏறுகிறவர் கீழே பார்ப்பதில்லை. முதல் இரண்டு படியில் கால் கற்றுக்கொண்ட அளவை நம்பித்தான் மற்றப் படிகளில் கால் தூக்குகிறார். கீழ் நான்கு படிகள் ரப்பராக இருக்கலாம், படகு வந்து இடித்தாலும் மரம்போல் பிளக்காது. படிக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. துறைமுகத்தில் இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றதும் புதுசாகத் தெரியட்டும் என்று தூரிகையை எடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் விரிசலை மூடும், காலை வழுக்கவைக்கும். மரம் மரமாகவே தெரிய வேண்டும்.

கீழிருந்து ஐந்தாவது படி 1.8 மீட்டருக்குக் குறையாத நீளப் பலகை. ஸ்ப்ரெடர் என்போம். ஏணி முறுக்கிக்கொள்ளாமல் கப்பலின் பக்கத்தோடு ஒட்டி நிற்க வைப்பது அதுதான். அடுத்தடுத்த ஸ்ப்ரெடர்களுக்கு நடுவே ஒன்பது படிக்கு மேல் போகக் கூடாது.

இனி நீளம். முக்கால்வாசித் தொல்லை தொடங்குவது இங்கேதான். கப்பல் எந்தச் சுமையில் இருந்தாலும், எதிர்ப்பக்கம் 15 டிகிரி சாய்ந்திருந்தாலும் ஏணி தண்ணீர் வரை எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஏணியைக் காலிக் கப்பலின் உயரத்துக்குத் தக்கபடி நீளமாக வாங்குகிறார்கள். சரக்கு ஏறிக் கப்பல் தாழ்ந்திருக்கும்போது அதில் பாதிதான் வெளியே தொங்கும். மீதி டெக்கில் கிடக்கும். அப்படியென்றால் பைலட்டின் எடையை எந்த இடத்தில் டெக்கோடு கட்டுவது?

பல கப்பல்களில் செய்வது இது: இரண்டு பக்கக் கயிறுகளையும் ஷாக்கிள் என்னும் இரும்புப் பூட்டு வளையத்துக்குள் நுழைத்து டெக் வளையத்தில் மாட்டிவிடுவார்கள். ஒரு நிமிட வேலை. பார்ப்பதற்கு இரும்பு, பலமாகத் தெரியும். ஆனால் ஷாக்கிள் கயிற்றைப் பிடிப்பதில்லை. கயிறு அதற்குள் வழுக்கி, அடுத்த படி வந்து முட்டும் இடத்தில்தான் நிற்கும். அதன்பின் பைலட்டின் முழு எடையும், அலை தூக்கிப் போடும் வேகமும், படியையும் படியைக் கயிற்றோடு சேர்த்திருக்கும் சின்னக் கட்டையும் கட்டுநூலையும் போய் இழுக்கும். அவை படியைக் கிடைமட்டமாக வைத்திருக்கச் செய்தவை. ஆளைத் தொங்கவிடச் செய்தவை அல்ல. ஆளைத் தாங்கச் செய்தது பக்கக் கயிறு. ஒவ்வொன்றும் 24 கிலோநியூட்டன், ஏறத்தாழ இரண்டரை டன் எடை வரை அறாமல் நிற்க வேண்டும். அவ்வளவு பலத்தையும் விட்டுவிட்டு விரற்கடை நூலில் சுமையை வைப்பது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. படியை இரும்புப் பட்டையின் மேல் உட்காரவைத்து நிறுத்தும் ஏற்பாடும் இதே தவறுதான்.

செய்ய வேண்டியது ரோலிங் ஹிட்ச் என்னும் முடிச்சு. பக்கத்துக்கு ஒன்று. தனி மணிலாக் கயிறு எடுத்து, பக்கக் கயிறு இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். டெக்கில் கட்டும் முனை எந்தத் திசையில் இழுபடுமோ அந்தப் பக்கமாகச் சுற்றுகள் முனையின் மேலேயே ஏறி அமர வேண்டும். மறுபக்கம் ஒரு பூட்டு. இழுக்க இழுக்க இறுகும், வழுக்காது. இன்னொரு முனை டெக்கில் பற்றவைத்த வலுவான கொளுவிக்கு. கைப்பிடிக் கம்பிக்கு அல்ல. கட்டிய பிறகு டெக் விளிம்பில் கிடக்கும் படியைக் கையால் ஆட்டிப் பார்ப்பேன். தளர்வாக ஆடினால் சுமை கயிற்றில் இருக்கிறது. ஆடாமல் இறுகிக் கிடந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். ஒரு பக்கம் தொய்ந்தால் கீழே எல்லாப் படியும் சரியும்.

புதிதாக வந்த பையன் ஒருவன், “அண்ணே, ஷாக்கிள் மாட்டுனா சீக்கிரம் முடியுமே, பைலட்டுக்கு என்ன தெரியவா போவுது?” என்று கேட்டான். அவனையே ஹிட்ச் போடவைத்தேன். பிறகு துறைமுகத்தில் கப்பல் கட்டிக் கிடந்தபோது, சேஃப்டி பெல்ட் மாட்டி, அவன் கட்டிய அதே ஏணியில் நாலு படி இறங்கி ஏறச் சொன்னேன். அதன்பின் அவன் கட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டிய தேவை வரவில்லை. கட்டுகிறவர்கள் எல்லாரையும் ஒருமுறையாவது இப்படி இறக்கி ஏற்ற வேண்டும்.

நீர்மட்டத்திலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் நூலேணி மட்டும் போதாது. கப்பலின் பக்கவாட்டுப் படிக்கட்டை அணியத்திலிருந்து பின்னோக்கிச் சாய்த்து இறக்கி, அதன் அடித்தட்டு வரை நூலேணியில் ஏறவைக்கிறோம். அடித்தட்டு கடலிலிருந்து 5 மீட்டராவது மேலே, சாய்வு 45 டிகிரிக்குள், நூலேணி அந்தத் தட்டைத் தாண்டி 2 மீட்டராவது மேலே போக வேண்டும், தட்டுக்கு 1.5 மீட்டர் மேலே அதைக் கப்பலின் பக்கத்தோடு கட்ட வேண்டும். கடைசி இரண்டையும்தான் விட்டுவிடுகிறார்கள். ஏணி தட்டோடு முடிந்துவிட்டால், ஏறி வந்தவருக்குக் கையால் பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் உடலைத் திருப்பித் தாவ வேண்டிவரும். தட்டின் நடுவே துவாரக் கதவு வைத்து, ஏணியை அதன் அடியில் தொங்கவிடும் கப்பல்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நியூயார்க் துறைமுகத்துக்குக் கப்பல்களைக் கொண்டுவரும் சாண்டி ஹூக் பைலட்களில் ஒருவர் 2019 டிசம்பரில் இப்படிப்பட்ட துவாரக் கதவு ஏற்பாட்டில் ஏறும்போது விழுந்து இறந்தார். அடுத்த ஆகஸ்டில் அதே பைலட்களில் இன்னொருவரும் கப்பல் ஏறும்போது விழுந்து இறந்தார். பல ஆண்டுகள் பழகியவர்களுக்கே இது நடக்கிறது.

ஏணியை மேலே இழுப்பதற்கென்று ஒரு கயிறு கட்டுவோம். அது கடைசி ஸ்ப்ரெடரிலோ அதற்கு மேலோதான் கட்டப்பட வேண்டும், அணியத்துப் பக்கமாகப் போக வேண்டும். கீழ்ப்படியில் கட்டினால் தொய்வில் ஒரு வளையம் விழும். அதில் படகு மாட்டினால் ஏணியையே பிய்த்துக்கொண்டு போகும், கால் மாட்டினால் சொல்ல வேண்டாம். பிடிகயிறு கேட்கும் பைலட்டுக்கு 28 முதல் 32 மில்லிமீட்டர் பருமனில் இரண்டு கயிறு இறக்க வேண்டும். அதைவிட மெல்லியது ஈரக் கையில் நிற்காது, தடித்ததைக் கை சுற்றிப் பிடிக்காது. லைஃப்பாய், விளக்கு, ஹீவிங் லைன் என்னும் எறிகயிறு, ரேடியோவோடு ஓர் அதிகாரி: இவை எல்லாம் ஏணிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இருக்கின்றன என்று காகிதத்தில் எழுதினால் போதாது.

எந்தப் பக்கம் இறக்குவது என்பதைப் பைலட் நிலையம் ரேடியோவில் சொல்லும், ஏணியின் அடி நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும். தூத்துக்குடிப் பக்கம் ஆடி மாதக் கச்சான் காற்றில் அலை எழும்பும்போது கேப்டன் கப்பலைச் சற்றே திருப்பி ஏணிப் பக்கம் காற்றுமறைவு கொடுப்பார். அந்த ஒதுக்கத்தில்தான் படகு ஒட்டும். அலை பெரிதாக இருக்கும் நாளில் உயரத்தை நான் இரண்டாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொள்வேன். ஏணி அதிகம் தாழ்ந்தால் படகு மேலே வரும்போது அடியில் மாட்டி நசுக்கும்.

வேலை முடிந்ததும் ஏணியைச் சுருட்டி டெக்கில் போட்டுவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. வெயிலும் உப்பும் பெயின்ட் கரைக்கும் தின்னரும் கயிற்றைச் சத்தமில்லாமல் தின்னும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, ஈரம் முழுக்கப் போன பிறகு ஸ்டோரில் வைக்க வேண்டும். அடுத்த துறைமுகத்துக்கு முந்தின நாளே எடுத்துப் படி படியாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். பைலட் படகு வெளிச்சம் தெரிந்த பிறகு பார்த்தால் பார்வை அவசரமாகிவிடும். வேறு முறையில் மாற்றிப் பொருத்திய படிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்த ஏணி ஆகாது. ஆகாத ஏணியை மூலையில் ஒதுக்கிவைத்தால் போதும் என்பவர்கள் உண்டு. அவசரத்தில் இன்னொருவர் அதை எடுத்துக் கட்டுவார், அல்லது கப்பலின் பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க அதில் ஒரு பையனை இறக்கிவிடுவார். பக்கக் கயிறுகளை நாலைந்து இடத்தில் வெட்டி, தகட்டைக் கழற்றிச் சீஃப் ஆபீசரிடம் கொடுத்துவிட்டு, படிகளைத் தனித்தனியாக உதிர்த்துப்போட்ட பிறகுதான் அந்த ஏணி என் கணக்கிலிருந்து போகும்.